தைப்பூசத்துக்குத் தள்ளிப்போடும் மாத்திரை

1. முதல் நாள்

கிளினிக் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு மனிதரை வாயாலேயே விரட்டியடித்தவள் நான்.

பிரிக்பீல்ட்ஸில் டாக்டர் லியோங்கின் கிளினிக். எனக்கு இருபத்திரண்டு வயது. யூனிஃபார்ம் கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தது, நானும் அப்படித்தான் இருந்தேன். காலை பத்து மணிக்கு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கவுண்டருக்கு வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார். நர்ஸை இங்கே எல்லாரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸி, அது இருக்கா?"

"எது அங்கிள்?"

"அதான்... அது."

"இருமல் மருந்தா?"

"இல்லம்மா. அது லா."

கண்ணால் கீழ்த் தட்டைக் காட்டினார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் டாக்டர் அறையைப் பார்த்துக் கத்தினேன்: "டாக்டர், இந்த அங்கிளுக்குக் காண்டம் வேணுமாம், எந்த சைஸ் டப்பா கொடுக்கிறது?"

பெஞ்சில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் என்பது அவர் ஓடிய வேகத்திலேயே தெரிந்தது. குடையைக்கூட எடுக்கவில்லை.

டாக்டர் லியோங் சீனர், காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன். தமிழில் திட்ட ஆரம்பித்தால் நம்மவர்களே தோற்றுப்போவார்கள். அன்று திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மிஸி, அந்த ஆளு இனிமே வர மாட்டாரு. அவரு பொண்டாட்டிதான் வருவாங்க, வயித்தத் தள்ளிக்கிட்டு," என்றார்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம்: இந்த விஷயத்தில் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது, பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். மெதுவாகக் கேள் என்று கற்றிருக்க வேண்டியவள், கேட்கவே கேட்காதே என்று கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளில் புருவ சாஸ்திரத்தில் தேர்ந்துவிட்டேன். ஒரு புருவம் ஏறினால் காண்டம். குரல் இறங்கினால் மாத்திரை. கை வயிற்றுக்குப் போனால் நாள் தள்ளிப்போயிருக்கிறது. "எங்க மிஸிகிட்ட வாயே திறக்க வேணாம், எல்லாம் தெரியும்," என்று பெண்கள் சொல்லும்போது எனக்குத் தலை கால் புரியாது. அந்தப் பெருமைதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

2. பிளாஸ்டிக் கருப்பை

வாடகை ஏறியதால் டாக்டர் கிளினிக்கைக் கிள்ளானுக்கு மாற்றினார். மூட்டை முடிச்சுகளோடு நானும் மாறினேன். குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பெட்டாலிங் ஜெயாவில் மூன்று நாள் வகுப்பு நடந்தது, என்னை அனுப்பினார். போகும்போது மிஸியாகப் போனவள் வரும்போது பேராசிரியையாக வந்தேன். கையில் ஒரு சான்றிதழும் ஒரு பிளாஸ்டிக் கருப்பையும் இருந்தன. சான்றிதழைச் சட்டம் போட்டு டாக்டரின் சான்றிதழுக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். மறுநாள் அது கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்தது.

அதன் பிறகு யார் சிக்கினாலும் பாடம்தான். கருப்பைக்குள் லூப் வைத்தால் அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று ஒரு அக்கா நடுங்கினார். பிளாஸ்டிக் கருப்பையைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இது மூடின ரூம். மேல மாடிப்படி கிடையாது," என்றேன். வைக்கும்போது கருப்பைச் சுவரில் துளைபடும் ஆபத்து உண்டு, ஆனால் மிக அரிது, அதனால்தான் பழகிய கையும் ஆறு வாரத்தில் ஒரு செக்கப்பும் தேவை என்பதையும் சொன்னேன். தாய்ப்பால் கொடுக்கும்வரை பிள்ளை தங்காது என்று நம்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். பிரசவமாகி ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தக் கணக்கு செல்லாது.

எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் பூச்சோங்கிலிருந்து வந்த ஒரு தம்பி. அவர் மனைவிக்கு மாத்திரை சாப்பிட்டால் தலை சுற்றுகிறதாம். அதனால் ஒரு மாதமாக அவரே சாப்பிட்டு வருகிறார்.

"யாரு சாப்பிட்டா என்ன மிஸி, ஒரே வீடுதானே?"

பின்கட்டுக்கு ஓடிப்போய்ச் சிரித்து முடித்துவிட்டு வந்துதான் பதில் சொன்னேன்.

இதையெல்லாம் வீட்டில் என் கணவரிடம் நடித்துக் காட்டுவேன். ஊரார் நம்பிக்கைகளை வைத்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வாரம் ஒரு கச்சேரி. எனக்குள்ளும் அப்படி ஒரு நம்பிக்கை சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. அது எனக்குத் தெரியவில்லை.

3. பூச சீசன்

தைப்பூசம் நெருங்கினால் எங்கள் கிளினிக்கில் காய்ச்சல்காரர்களுக்கு இடம் இருக்காது. பால்குடம் எடுப்பவர்கள், காவடிக்குத் துணை போகிறவர்கள், அன்றைக்கு மென்சஸ் வந்துவிடக் கூடாது என்று வரிசையில் நிற்பார்கள். டாக்டர் தள்ளிப்போடும் மாத்திரை எழுதுவார். நாளுக்கு மூன்று வேளை. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மென்சஸ் வந்துவிடும். டாக்டர் எழுதுவது, நான் விளக்குவது என்பது எங்கள் ஏற்பாடு.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அந்த வரிசையில் தேவி வந்தார். ஷா ஆலத்தில் எலெக்ட்ரானிக் சாமான் செய்யும் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. கணவர் சுரேஷ் லோரி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். தேவி இரண்டாவது பிரசவத்தில் பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, நான்கு நாள் ஐசியுவில் கிடந்து பிழைத்தவர். இன்னொரு முறை கர்ப்பமானால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் கார்டில் அது சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது.

அன்று டாக்டரிடம் நாற்பது பேர். தேவி இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். நான் மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது குரலை இறக்கினார்.

"மிஸி, நான் வேற ஒரு மாத்திரையும் சாப்பிடுறேன். ஃபேக்டரிக்குப் பக்கத்துக் கடையில வாங்குறது. அத என்ன செய்யிறது?"

குரல் இறங்கினால் மாத்திரை. என் சாஸ்திரம் சரியாகத்தான் வேலை செய்தது. கர்ப்பத்தடை மாத்திரை என்று உடனே புரிந்துகொண்டேன்.

"அத நிப்பாட்டிட்டு இதச் சாப்பிடுங்க. ரெண்டும் ஹார்மோன்தான், சேத்துச் சாப்பிட வேணாம்."

"அப்ப இது போதுமா?"

"தாராளமா போதும்."

எதற்குப் போதும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மென்சஸைத் தள்ளிப்போடப் போதும் என்ற அர்த்தத்தில் நான் சொன்னேன். பிள்ளை தங்காமல் இருக்கவும் போதும் என்று அவர் எடுத்துக்கொண்டார். மென்சஸையே நிறுத்துகிற மாத்திரை பிள்ளையை நிறுத்தாதா என்று நினைப்பது அப்படியொன்றும் முட்டாள்தனமில்லை. ஆனால் தள்ளிப்போடும் மாத்திரையைக் கர்ப்பத்தடையாக நம்பக் கூடாது. இது எனக்கு நன்றாகத் தெரியும், வகுப்பில் கைதூக்கிப் பதில் சொன்னவளே நான்தான்.

இன்னும் வெட்கக்கேடு, அவருக்குத் தள்ளிப்போடும் மாத்திரையே தேவைப்பட்டிருக்காது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைப் பட்டையில் கடைசி ஏழும் ஹார்மோன் இல்லாத வெறும் மாத்திரைகள். அவற்றை விட்டுவிட்டு நேரே அடுத்த பட்டையைத் தொடங்கியிருந்தால் மென்சஸும் தள்ளிப்போயிருக்கும், பாதுகாப்பும் அறுந்திருக்காது.

ஏன் சொல்லவில்லை? விரதம் இருக்கிறார், மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறார், கணவனும் மனைவியும் தள்ளித்தான் படுப்பார்கள், இதில் கர்ப்பத்தடை பற்றிப் பேசினால் அபசாரம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். விரதம் எத்தனை நாள், என்றைக்கு முடிகிறது, முடிந்த பிறகு என்ன செய்வதாக உத்தேசம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. லூப் நெஞ்சுக்கு ஏறும் என்று பயந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தவளின் மருத்துவ அறிவு இதுதான்.

4. ஃபோனில் புருவம் தெரியாது

பூசம் முடிந்த நான்காம் நாள் கிளினிக்குக்கு ஃபோன் வந்தது.

"மிஸி, தேவி பேசுறேன். மாத்திரைய நிப்பாட்டி நாலு நாளாச்சு. இன்னும் வரல."

"வரும் லா. உடம்பு குழம்பியிருக்கு, அவ்ளோதான். ஒரு வாரம் பாருங்க."

"அந்தப் பழைய மாத்திரை?"

"மென்சஸ் வந்ததும் புதுப் பட்டையா ஆரம்பிங்க."

அவர் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்கு ஏதாவது தோன்றியிருக்கலாம். "சரி மிஸி," என்று வைத்துவிட்டார். நானும் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஒரு வாரம் என்று நான் சொன்னதை அவர் அப்படியே மதித்தார். பதினோராம் நாள் ஃபேக்டரி யூனிஃபார்மோடு நேரே வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. யூரின் டெஸ்ட் எடுத்தோம், ஒரு கோடுதான் வந்தது. நான் பெரிதாக மூச்சு விட்டேன். டாக்டர் விடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, சாதம் சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல் கேட்டார்.

"தேவி, ரெண்டு பேரும் கடைசியா எப்ப சேந்தீங்க?"

"மொத தடவ பூசம் முடிஞ்ச மறுநாள் டாக்டர். அப்புறமும்... முந்தாநேத்து வரைக்கும்."

"ஏதாவது போட்டீங்களா?"

"மிஸி கொடுத்த மாத்திரை உடம்புல இருக்கும்னு நெனச்சேன்."

"விரதம் எத்தன நாளு?"

"ஏழு நாளுதான் டாக்டர். ஷிஃப்டுல அதுக்கு மேல முடியாது."

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அத்தனை ஆண்டுகளில் நான் ஒருவரிடமும் கேட்டிராத மூன்று கேள்விகள். தேவி வெட்கப்படவும் இல்லை, ஓடவும் இல்லை.

அவர் ஃபோன் செய்த நான்காம் நாளில் நான் இதைக் கேட்டிருந்தால், முதல் உறவு நடந்து மூன்று நாள்தான் ஆகியிருக்கும். அவசர மாத்திரை கொடுத்திருக்கலாம், ஐந்து நாளுக்குள் காப்பர் லூப்கூட வைத்திருக்கலாம். வரும் லா என்று சொல்லி அந்தக் கதவை நானே இழுத்துச் சாத்தியிருந்தேன். பிழைத்து வந்த பெண்ணை மறுபடி அதே கட்டிலுக்கு அனுப்பிவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

இப்போது வந்த ஒற்றைக் கோட்டை நம்ப முடியாது, கடைசி உறவிலிருந்து மூன்று வாரம் கழித்து இன்னொரு டெஸ்ட் எடுத்தால்தான் உறுதி என்றார் டாக்டர். பிரஷர் பார்த்தார், நூற்று நாற்பதுக்கு மேல் இருந்தது. கால் மணி நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார், இறங்கவில்லை. இந்தப் பிரஷரோடு அந்தக் கடை மாத்திரை கூடவே கூடாது, அடுத்த டெஸ்ட்வரை காண்டம் என்று சொன்னார். நானே எடுத்துக் கொடுத்தேன். தப்பு என்னோடது தேவி என்று சொன்னேன். "பரவால்ல மிஸி," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் போனதும் டாக்டர் கார்டை என் முன்னால் வைத்தார்.

"இந்தச் செவப்பு மை யாரு எழுதினது?"

"நான்தான் டாக்டர்."

"நீ எழுதுவ, படிக்க மாட்டியா?" பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நானும் படிக்கல. நாப்பது பேரு நிக்கிறாங்கன்னு எழுதித் தள்ளிட்டேன். ரெண்டு பேரும் கழுதைங்கதான்."

5. காப்பியும் முருகனும்

மூன்று வாரம் என்பது மற்றவர்களுக்கு இருபத்தொரு நாள். எனக்கு அது ஒரு கர்ப்ப காலம்.

மருத்துவ உண்மை பேசித் திரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? தேவிக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டு காப்பியை விட்டேன். இரண்டாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. மூன்றாம் நாள் சளி மருந்துக்கு வந்த ஒரு ஆன்டியோடு சண்டை. ஐந்தாம் நாள் முருகனிடம் பேச்சுவார்த்தை நடத்தி மைலோவுக்கு அனுமதி வாங்கினேன். என் கணவர், "முருகன் பாவம், உனக்கு பயந்தே நல்லது செஞ்சிருவாரு," என்றார்.

ஒன்பதாம் நாள் காலை ஃபோனில் செய்தி வந்தது. "வந்துருச்சு மிஸி." பக்கத்தில் மூன்று கும்பிடு.

கவுண்டரிலேயே அழுதுவிட்டேன். வயிற்று எரிச்சலுக்கு மருந்து வாங்க நின்ற ஒரு அங்கிள் பதறிப்போனார்.

"யாரும்மா தவறிட்டாங்க?"

"யாரும் தவறல அங்கிள்."

"அப்ப நல்லதுதானே. மருந்தக் குடு, பஸ் போயிரும்."

அப்படியும் டாக்டர் விடாமல் மூன்று வாரம் முடிந்ததும் டெஸ்ட் எடுத்தார். ஒரே கோடு. என் நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும், என் கெட்டிக்காரத்தனத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

6. நான் வாயை மூடிய நாள்

இனி எந்த முறை என்று முடிவெடுக்க தேவி கணவரோடு வந்தார். சுரேஷ் வெளியே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிளாஸ்டிக் கருப்பையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன். பாவத்துக்குப் பிராயச்சித்தமாக ஒரு மணி நேர வகுப்பு எடுப்பதாக உத்தேசம்.

"தேவி, மொதல்ல கருப்பைன்னா என்னன்னா..."

"மிஸி, ஒரு நிமிஷம்," என்றார். "போன தடவ நீங்கதான் பேசினீங்க. இந்தத் தடவ நான் பேசுறேன்."

பிளாஸ்டிக் கருப்பையைக் கீழே வைத்தேன்.

"எனக்கு அந்த மாத்திரை மேல நம்பிக்கையே இருந்ததில்ல மிஸி. ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி. என்னைக்குச் சாப்பிட்டேன், என்னைக்கு மறந்தேன்னே தெரியாது. மறந்த நாளெல்லாம் பயம். அதனால விரதம் எடுத்துக்குவேன். சஷ்டிக்கு, புரட்டாசிக்கு, பங்குனி உத்திரத்துக்கு, நடுவுல வெள்ளி செவ்வாய். வீட்டுல என்னப் பெரிய பக்தைன்னு நெனைக்கிறாங்க. பூசம் ஒண்ணுதான் உண்மையான வேண்டுதல், நான் பொழச்சதுக்கு. மத்ததெல்லாம் சாமிக்காக இல்ல மிஸி. பாய் தனியா போட்டுக்கத்தான்."

ஊரிலுள்ள கர்ப்பத்தடை முறைகளெல்லாம் எனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். இது எந்த வகுப்பிலும் சொல்லித் தரப்படவில்லை.

"சுரேஷுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். என் பணி வாழ்க்கையில் நான் கேட்ட முதல் உருப்படியான கேள்வி.

"இல்ல. அவரு கேட்டதில்ல, நான் சொன்னதில்ல."

கேட்டதற்குப் பலன் உடனே கிடைத்தது. சுரேஷை அவரே உள்ளே கூப்பிட்டு, என் முன்னாலேயே சொன்னார். சுரேஷ் சின்னப் பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"சஷ்டி, புரட்டாசி எல்லாமேவா?"

"ம்."

"நான் என்னப் பிடிக்காமப் போச்சோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார்.

பிறகு டாக்டர் வந்து ஒவ்வொரு முறையாக விளக்கினார். கையில் தோலுக்கு அடியில் வைக்கும் இம்ப்ளான்ட் மூன்று வருடம் வரும், மறக்கிற பிரச்சினை இல்லை, ஆனால் ரத்தப்போக்கு எப்போது வரும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஊசியென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும், அதுவும் பிரஷருக்கு அவ்வளவு உகந்ததில்லை. காப்பர் லூப்பில் ஹார்மோனே இல்லை, பல வருடம் வரும், ஆனால் முதல் சில மாதங்கள் மென்சஸ் அதிகமாகவும் வலியாகவும் இருக்கலாம்.

"ஆம்பளைங்களுக்கு ஒண்ணு இருக்காமே டாக்டர்?" என்றார் சுரேஷ். "அது செஞ்சா கிளட்ச் மிதிக்க பலம் இருக்காதுன்னு லோரிக்காரங்க சொல்றாங்க."

"கிளட்சுக்கும் அதுக்கும் வயர் கனெக்ஷன் இல்ல தம்பி," என்றார் டாக்டர். சில நாள் பாரம் தூக்கக் கூடாது, அவ்வளவுதான், ஆனால் மூன்று மாதம் போல் கழித்து டெஸ்ட் எடுத்துச் சுத்தம் என்று தெரியும்வரை வேறு பாதுகாப்பு வேண்டும், பிறகு பிள்ளை வேண்டும் என்றால் திரும்புவது கடினம் என்றும் சொன்னார். சுரேஷ் யோசிக்கிறேன் என்றார்.

என் வாய் துறுதுறுத்தது. இம்ப்ளான்ட்தான் நல்லது, ஷிஃப்ட் வேலைக்கு அதுதான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்களுக்கு எது சரின்னு படுது தேவி?" என்றேன்.

"எப்ப வரும்னு தெரியாதது எனக்கு வேணாம் மிஸி. பூசத்துக்கு நான் போயே ஆகணும். வலிச்சாலும் பரவால்ல, நாள் தெரியணும். லூப் வைங்க," என்றார். நான் சொல்லியிருந்தால் தப்பாகத்தான் சொல்லியிருப்பேன்.

ஆறு வாரம் கழித்துச் செக்கப்புக்கு வந்தார். லூப்பின் நூல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பிரஷர் மாத்திரையில் பிரஷர் இறங்கியிருந்தது. பங்குனி உத்திரத்துக்கு விரதம் எப்போது ஆரம்பிக்கிறாய் என்று சுரேஷ் வீட்டில் கேட்டாராம். இந்த வருஷம் இல்லைங்க என்றாராம் இவர். அன்றைக்கே மனிதர் பாசாருக்குப் போய்க் கோழி வாங்கி வந்துவிட்டாராம். சொல்லிச் சிரித்தார், எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"இத்தன வருஷமா உங்களுக்குள்ள இவ்ளோ இருந்திருக்கு, எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போச்சே தேவி," என்றேன்.

"முருகனுக்கு யாரும் சொல்லாமலே தெரியும் மிஸி," என்றார் பையை எடுத்துக்கொண்டே. "உங்களுக்குத் தெரியணும்னா நீங்கதான் கேக்கணும்."

அதிலிருந்து கேட்கிறேன். கதவைச் சாத்திவிட்டு, உட்கார வைத்து, மெதுவான குரலில், பூச மாத்திரைக்கு வருகிறவர்கள் ஒருவர் விடாமல். வேறு என்ன மாத்திரை, விரதம் எத்தனை நாள், முடிந்த பிறகு என்ன ஏற்பாடு, உங்களுக்கு என்ன பயம். "என்ன மிஸி, போலீஸ் மாதிரி கேக்கறீங்க," என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். அவர்களும் பதிலைச் சொல்லி முடித்த பிறகுதான் கோபித்துக்கொள்கிறார்கள்.